ஆறுச்சாமி விற்ற கை

கையை விற்றுவிட்டு வந்த அண்ணனை வீட்டில் வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது என்ன பாடு என்று மயிலாத்தாளைக் கேட்டால்தான் தெரியும்.

கை என்றால் சோறு பிசைகிற கை இல்லை. அது ஆறுச்சாமியிடம் பத்திரமாக இருந்தது, மூன்று வேளையும் குறைவில்லாமல் வேலை செய்தது. அவர் விற்றது வண்டி ஓட்டுகிற கையை. கோயம்புத்தூர் பச்சைநாயகி டிரான்ஸ்போர்ட்டில் இருபது வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். ஒருநாள் மேலாளர் மகரபூஷணம் அவரைக் கூப்பிட்டு, நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டி, விரல்களில் உறை மாட்டி, "ஆறு மாசம் இப்படியே ஓட்டுங்க" என்றார். ஆறு மாதம் முடிந்தபோது, ஆறுச்சாமி எங்கே பிரேக் மிதிப்பார், சந்து கிடைத்தால் எப்படிப் புகுவார், ஆட்டோக்காரனிடம் எவ்வளவு நேரம் ஹாரன் அடிப்பார் என்பதெல்லாம் டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டிக்குள் போய்விட்டது. அதை நகலெடுத்துக் கம்பெனியின் பன்னிரண்டு பஸ்ஸிலும் மாட்டினார்கள். அன்று முதல் பன்னிரண்டு பஸ்ஸையும் ஆறுச்சாமியே ஓட்டினார், வீட்டில் உட்கார்ந்துகொண்டு.

கை கம்பெனிக்குச் சொந்தமாகிவிட்டதால் அவர் வேறு எந்த வண்டியையும் தொடக் கூடாது. ஓட்டுகிற விதத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கும் கேமராக்கள் ஊரெங்கும் இருந்தன. ஒருமுறை தங்கையின் மொபெட்டில் முக்குக் கடைக்குப் போய்ச் சின்ன வெங்காயம் வாங்கி வந்தார். மறுநாளே, 'எங்கள் சொத்தை அனுமதியின்றிப் பயன்படுத்தியிருக்கிறீர்கள்' என்று நோட்டீஸ் வந்துவிட்டது. யார் வண்டியில் ஏறினாலும் பக்கத்தில் உட்கார்ந்து தரையில் பிரேக் மிதிப்பார். மயிலாத்தாளின் கார் மெக்கானிக் பட்டறைக்கு வருகிற வாடிக்கையாளர்கள் அவரைக் கண்டாலே சாவியைக் கொடுத்துவிட்டு ஓடினார்கள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரம். சிரிக்க முடியாத சமாச்சாரம் ஒன்று இருந்தது. பெட்டிகளை மாட்டிய அன்றைக்கே மற்ற பதினோரு டிரைவர்களுக்கும் வேலை போயிற்று. அவர்களில் மாகாளி என்பவர் மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போனார். இன்னொருவரான சின்னப்பன் மகளின் கல்யாணத்துக்கு ஊருக்கே பத்திரிகை வந்தது, ஆறுச்சாமிக்கு வரவில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு அவர் போனால் பதினோரு டம்ளரும் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். இரண்டு வருஷமாக இதே கதைதான்.

"என்ற மேல என்ன தப்பு, அம்மணி? இருக்கறதுலயே பெஸ்ட்டு நான்தான்னு என்ற கையை எடுத்தாங்க. பெஸ்ட்டா இருக்கறது ஒரு குத்தமா?" என்று தங்கையிடம் கேட்பார். கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போவார். மயிலாத்தாள் தட்டை மூடி வைப்பாள்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள் ஒருநாள் அண்ணனை இழுத்துக்கொண்டு, இப்படி விற்கிற கைகளைப் பதிவு செய்கிற கைப்பதிவு அலுவலகத்துக்கே போனாள். அங்கே இருந்த பெண் அதிகாரி அமலோற்பவம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பொறுமையாகச் சொன்னார்.

"கையைத் திரும்ப வாங்கணும்னா ஒரே வழிதாம்மா. வருஷா வருஷம் கோத்தகிரி மலைப்பாதையில கைகளுக்குப் போட்டி வைக்கிறோம் இல்லையா? நீங்க சவால் விட்டா, கம்பெனி ஒரு நகல் பெட்டியை உங்ககிட்டக் குடுத்தாகணும். அதை உங்க வண்டியில மாட்டி ஓட விடுங்க. முதல் மூணு இடத்துக்குள்ள வந்தா கை முதல் தரம், கம்பெனிகிட்டயே இருக்கும். வரலைன்னா தள்ளுபடி. எல்லா நகலையும் அழிச்சிட்டுக் கையை உங்க அண்ணன்கிட்டயே குடுத்துருவோம்."

"அப்ப ஓட்டை வண்டியில மாட்டித் தோக்கடிச்சுட்டாப் போச்சு!" என்றார் ஆறுச்சாமி.

"அதுக்குத்தான் முன்னாடியே வண்டியைச் சோதனை பண்றோம். இன்ஜின்ல ஒரு குறை இருந்தாலும் சவால் செல்லாது. குத்தம் கையிலதான்னு தெரியணும் இல்லையா? வண்டிச் சொந்தக்காரரும் கையை வித்தவரும் உள்ளே சாட்சியா உட்காரலாம். ஸ்டியரிங்கைத் தொட்டீங்கன்னா பட்டறைக்கே பூட்டுப் போட்டுருவேன்."

ஆக, தோற்பதற்காக ஒரு நல்ல வண்டி செய்ய வேண்டும். மயிலாத்தாள் வாழ்க்கையில் இப்படி ஒரு ஆர்டர் வந்ததில்லை.

துடியலூரில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் காய்கறி வாங்க மட்டும் வைத்திருந்த குட்டிக் காரை விலை பேசிப் பிடித்தாள். மூன்று சிலிண்டர், பொம்மை மாதிரி சக்கரம். மேட்டில் ஏசியைப் போட்டால் இருமிக்கொண்டு நிற்கிற ஜாதி. "இதுவா மலையேறப் போகுது?" என்றார் ஆறுச்சாமி.

"ஏறும்ண்ணா. பாதி வண்டிக்கு வேகம் பத்தாம இல்லை, அழுக்குதான் ஜாஸ்தி. எல்லாரும் எடுத்த எடுப்புல சைலன்சரை மாத்திச் சத்தத்தைக் கூட்டிட்டு வேகம் கூடிருச்சுன்னு நம்பிக்குவாங்க."

அவள் முதலில் கழுவ ஆரம்பித்தாள். பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்தாள். ஏர் ஃபில்டரைத் தட்டியபோது அதிலிருந்து ஒரு கறிவேப்பிலைக் காம்பே விழுந்தது. பிளக், ஆயில், கூலன்ட், கிளட்ச் எல்லாம் புதிதாயின. பிறகுதான் கை வைக்கிற வேலை. இன்ஜின் தலையை இறக்கி, காற்று போகிற வழியைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினாள். காற்று உள்ளே வர ஒரு பெரிய குழாய், புகை வெளியே போகத் தடையில்லாத சைலன்சர். ஸ்பிரிங்குகளை இறுக்கினாள், நல்ல பிரேக் பேட் போட்டாள், டயரை அகலமாக்கினாள். வண்டியைத் தவிர அதில் இருந்ததையெல்லாம் கழற்றி எறிந்தாள். மேட் போயிற்று, டேப் ரெக்கார்டர் போயிற்று, டாஷ்போர்டில் இருந்த பிள்ளையாரைத் தொடப் போனபோது மட்டும் ஆறுச்சாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தோக்கறதுக்கு எதுக்கும்மணி இம்புட்டுப் பாடு?"

"செய்யறதைச் சரியாச் செஞ்சுதாண்ணா எனக்குப் பழக்கம்" என்று வெடுக்கென்று சொன்னாள். சொன்ன பிறகு, இது சரியான பதில்தானா என்று அவளுக்கே கொஞ்சம் சந்தேகமாக இருந்தது.

பெட்டி வந்தது, மாட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவிநாசி ரோட்டில் வண்டியை விட்டுப் பார்த்தார்கள். அட சாமி! அந்தக் குட்டி வண்டி என்னமாய்ப் பறந்தது! லாரிக்கும் வேனுக்கும் நடுவே புகுந்தது. பின்னால் வந்த பெரிய காரெல்லாம் கண்ணாடியில் சின்னதாகிப் போயிற்று.

"பாத்தியா என்ற கையை! பாத்தியா!" என்று பின் சீட்டில் குதித்தார் ஆறுச்சாமி. அடுத்த நிமிஷம் முகம் வெளுத்தது. "அம்மணி, இது தோக்காது போலிருக்குதே."

மயிலாத்தாளும் எட்டி ஸ்பீடாமீட்டரைப் பார்த்தாள். வேலை அளவுக்கு மீறி நன்றாக அமைந்துவிட்டது. சரி, பதினோரு குடும்பத்துக்கும் பட்டை நாமம்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோதே, வண்டி இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டது. ஓரம் கட்டியது. ஹோப் காலேஜ் பஸ் ஸ்டாப்பில் போய் கச்சிதமாக நின்றது.

நின்றது நின்றதுதான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, வண்டி நகரவில்லை. நிழற்குடையில் நின்றவர்கள் குனிந்து உள்ளே பார்த்தார்கள்.

"என்னண்ணா ஆச்சு?"

ஆறுச்சாமி நிழற்குடையை எட்டிப் பார்த்தார். பிறகு தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டார். "விசில்! பஸ்ல கண்டக்டருக்குப் பதிலா ஸ்பீக்கர் வெச்சு விசில் அடிக்கறாங்கல்ல, இதுல அது இல்லை. ஒரு விசில்னா நிக்கோணும், ரெண்டு விசில்னா எடுக்கோணும். இருபது வருசமா ரெட்டை விசில் கேக்காம நான் ஸ்டாப்பை விட்டு எடுத்ததே இல்லையே!"

அவர் நாக்கை மடித்து இரண்டு முறை விசிலடித்தார். வண்டி விருட்டென்று கிளம்பியது. அண்ணனும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மலைப்பாதையில் குஞ்சப்பணையில் ஒரு ஸ்டாப், அரவேனுவில் ஒரு ஸ்டாப். வேடிக்கை பார்க்கிற கூட்டம் பூராவும் நிழற்குடையில்தான் நிற்கும், ஸ்டாப்பில் ஆளைக் கண்டால் இந்தக் கை நிறுத்தாமல் போகாது. இவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வண்டி குஞ்சப்பணையிலேயே குடியிருந்துவிடும்.

"அண்ணா, உங்களை நம்பித்தான் இருக்குது. உங்க கை தோக்கறதைப் பாத்து ரோசம் வந்து ஊதிரக் கூடாது. வாயில மிட்டாய் போட்டு உக்காந்துக்கங்க" என்று மயிலாத்தாள் வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

போட்டியன்று அடிவாரத்தில் பத்து வண்டிகள் வரிசையாக நின்றன. சோதனையில் குட்டி வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகப் பார்த்த அமலோற்பவம், "இவ்வளவு சுத்தமான இன்ஜினை நான் பாத்ததே இல்லை" என்றார். மயிலாத்தாளுக்குக் காது சிவந்துவிட்டது. பக்கத்தில் தண்டபாணி பெட்டி மாட்டிய தன் புது வண்டியோடு நின்றிருந்தான். கணபதி ஏரியாவில் கண்ணாடிச் சுவர் வைத்த பட்டறைக்காரன். அவன் வண்டியின் டயர் விலைக்கு இவள் வண்டியையே வாங்கிவிடலாம். "என்னக்கா, காய்கறி வாங்கவா கிளம்பிட்டீங்க?" என்றான். கோயம்புத்தூர் லொள்ளு, கேட்பானேன்.

கொடி அசைந்ததும் குட்டி வண்டி கிளம்பிய கிளப்பில் பிள்ளையாரே ஒருமுறை ஆடினார். முதல் கொண்டை ஊசி வளைவில் இரண்டு பேரைத் தாண்டியது. நான்காவது வளைவில் தண்டபாணியைத் தாண்டியது. குஞ்சப்பணை வரும்போது முன்னால் யாருமே இல்லை. மயிலாத்தாளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அவள் தேய்த்த ஒவ்வொரு துவாரத்திலும் காற்று பாடிக்கொண்டு போவது அவளுக்கு மட்டும் கேட்டது.

இண்டிகேட்டர் விழுந்தது. வண்டி ஓரம் கட்டி நிழற்குடை முன்னால் நின்றது.

கூட்டம் ஹோவென்று சிரித்தது. பலாப்பழம் விற்கிற அம்மா ஒருத்தி, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பது போலப் பின் கதவைத் திறந்து ஆறுச்சாமியின் மடியில் ஒரு பழத்தை வைத்தாள். "அரவேனு ஸ்டாப்புல என்ற தங்கச்சி நிப்பா, குடுத்துருங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். மலை பஸ்ஸில் சாமான் கொடுத்துவிடுகிற பழக்கம் அவளுக்கு.

ஒரு வண்டி தாண்டியது. இன்னொன்று தாண்டியது. மயிலாத்தாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மாகாளி தூக்குகிற மூட்டையை நினைத்தாள், சின்னப்பன் மகளை நினைத்தாள். பின் சீட்டில் மிட்டாய் கடிபடுகிற சத்தம் கேட்டது. ஆறுச்சாமி பலாப்பழத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ரிஷி மாதிரி உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷன், வாய் திறக்கவில்லை.

அப்போதுதான் தண்டபாணி வந்தான். சும்மா போயிருக்கலாம். வளைவுக்காக வண்டி மெதுவானபோது கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, "அக்கா, சில்லறை வெச்சிருக்கறீங்களா?" என்று கத்திவிட்டுப் போனான்.

எது எப்படி மேலே வந்ததென்று மயிலாத்தாளுக்கே தெரியாது. நாக்கு தானாக மடிந்தது, விசில் பறந்தது. ஒன்றுதான். இரண்டாவதற்கு வாயைக் குவித்தவள் திடுக்கிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒற்றை விசில் என்றால் நில் என்று அர்த்தம். குட்டி வண்டி அடக்கமாக ஹேண்ட் பிரேக்கையும் போட்டுக்கொண்டது. அப்பாடா, தப்பித்தோம் என்று அவள் மூச்சு விட்டாள்.

பின் சீட்டிலிருந்து இரண்டாவது விசில் கேட்டது.

வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது. இரண்டு வளைவு தாண்டியது.

"நீ ஏன் ஊதுனே?" என்றார் ஆறுச்சாமி.

"நீங்க ஏன் ஊதுனீங்க?"

"நீதானே மொதல்ல ஊதுனே!"

"அவன் சில்லறை கேட்டானேண்ணா!"

"அதையேதான் நானும் சொல்றேன், அவன் சில்லறை கேட்டானே!"

அரவேனுவில் வண்டி நின்றபோது தங்கச்சிக்காரி ஓடி வந்து பழத்தை வாங்கிக்கொண்டாள். இந்த முறை அண்ணனும் தங்கையும் வெட்கமே இல்லாமல் சேர்ந்தே ஊதினார்கள். கோத்தகிரி முடிவுக் கோட்டில் தண்டபாணியின் புது வண்டியை மூக்கு நீளத்தில் முந்திக்கொண்டு குட்டி வண்டி முதலாவதாக வந்தது.

இறங்கிய பிறகுதான் செய்த காரியம் உறைத்தது. மகரபூஷணம் பல்லெல்லாம் தெரிய ஓடி வந்து ஆறுச்சாமிக்குச் சால்வை போர்த்தினார். "முதல் தரம்! உங்க கை இனிமே காலத்துக்கும் எங்களோடதுதான்!" என்றார். ஆறுச்சாமி செத்த முகத்தோடு நின்றார். பதினோரு பேர் வாயில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று மயிலாத்தாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் மேசைமேல் கோப்பை மின்னியது, ஜனங்கள் குட்டி வண்டியைச் சுற்றி நின்று பானெட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அவள் கண் அங்கேயும் போய்க்கொண்டிருந்தது. அதை எப்படி மறைக்க முடியும்?

அமலோற்பவம் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். "குஞ்சப்பணையில நின்ன வண்டி திடீர்னு எப்படிக் கிளம்பிச்சு?"

"கை தானே முடிவு பண்ணிருச்சு மேடம்" என்றார் மகரபூஷணம்.

"தானே முடிவு பண்ணியிருந்தாச் சரி. யாராவது சொல்லிக் கிளம்பியிருந்தா, அது அரைக் கைதான். மீதி அரை சொன்னவரோடது. அரைக் கைக்குப் பதிவு செல்லாது." அவர் கண்ணாடிக்கு மேலாக இருவரையும் பார்த்தார். "உள்ளே என்ன நடந்துச்சு?"

மயிலாத்தாள் கோப்பையைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அண்ணனுக்குக் கை கிடைத்துவிடும், பதினோரு பேருக்கும் வேலை கிடைத்துவிடும். அந்த வார்த்தையைச் சொன்னால் கோப்பை தண்டபாணிக்குப் போய்விடும். சொல்லத்தான் போகிறாள். இதோ சொல்லிவிடுவாள். ஒரே ஒரு நிமிஷம் வண்டியைப் பார்த்துவிட்டு.

"ரெண்டு விசிலுங்க மேடம்" என்றார் ஆறுச்சாமி. "மொதோ விசில் இவ. ரெண்டாவது நான். நாங்க ஊதலைன்னா என்ற கை இன்னும் குஞ்சப்பணையிலதான் நின்னுட்டிருக்கும்."

மகரபூஷணம் சால்வையை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கோப்பையைத் தண்டபாணி வாங்கிக்கொண்டான். அண்ணன் செய்ததுதான் நியாயம் என்று மயிலாத்தாளுக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் மேட்டுப்பாளையம் வந்து சேரும்வரை அவரோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

பெட்டிகளை அழித்ததும் பன்னிரண்டு பஸ்ஸும் டிப்போவில் மரக்கட்டை மாதிரி நின்றன. பழைய டிரைவர்களை வீடு வீடாகப் போய்க் கூப்பிட வேண்டிய நிலைமை மகரபூஷணத்துக்கு. யாரும் சும்மா வந்துவிடவில்லை. மாகாளி அவரை வாசலில் நிற்க வைத்துக் குளித்துவிட்டு வந்துதான் பதில் சொன்னாராம்.

முதல் நாள் வேலை முடிந்து சாயங்காலம் ஆறுச்சாமி பட்டறைக்கு வந்தார். காக்கிச் சட்டையில் வியர்வைக் கோடு. மயிலாத்தாள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"பேசுனாங்களாண்ணா?"

"எங்கம்மணி பேசுனாங்க, திட்டுனாங்க. ரெண்டு வருசத்துத் திட்டையும் மொத்தமாத் திட்டுனாங்க. அப்புறம் சின்னப்பன் டீ வாங்கிக் குடுத்தான்." அவர் கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. பிறகு சிரிப்பு மெல்லக் குறைந்தது. "இன்னைக்கு எல்லா டிரிப்புலயும் நான்தான் கடைசி."

"பழக்கம் விட்டுப்போயிருக்கும்."

"நானும் அதைத்தான் சொன்னேன். டீக்கடையே சிரிச்சுது. எப்பவுமே நான்தான் கடைசியாமா. இத்தனை வருசமா எனக்கு ஒருத்தனும் சொல்லலை பாரு." ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்தார்.

"அப்புறம் எதுக்கு உங்க கையை எடுத்தாங்க?"

"மொதல்ல சின்னப்பன் கையைத்தான் கேட்டாங்களாம். மத்தவங்க பொழப்புப் போயிரும்னு மாட்டேன்னுட்டான். அப்புறம் மாகாளி. அப்படியே பதினோரு பேரும் மாட்டேன்னுட்டாங்க. கடைசியா என்றகிட்ட வந்தாங்க. நான், பெஸ்ட்டுன்னு நெனச்சு..." முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

மயிலாத்தாளுக்கு அண்ணனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சத்தியமாகப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பாவத்துக்கு அடியில் இன்னொரு கணக்கு ஓடியது. பன்னிரண்டு பேரில் ஆகக் கடைசிக் கை. இரண்டு ஸ்டாப்பில் நின்று, ஒரு பலாப்பழத்தையும் இறக்கி விட்டு, ஊரிலேயே விலை உயர்ந்த வண்டியை முந்தியிருக்கிறது. அப்படியென்றால் மலையில் ஜெயித்தது யார்? அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அண்ணன் பார்த்துவிடாமலிருக்கக் காருக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டாள்.

ஆறுச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"அம்மணி, அந்தக் குட்டி வண்டிக்குப் பண்ணுனியே, அதையெல்லாம் பஸ்ஸுக்கும் பண்ண முடியுமா?"

"எதுக்குண்ணா?"

"சின்னப்பனை ஒரே ஒரு தடவை முந்தோணும். லாலி ரோடு சிக்னல்கிட்ட. அவன் பாக்கற மாதிரி."

காருக்கு அடியிலிருந்து மயிலாத்தாளின் குரல் மட்டும் வந்தது. "ஏர் ஃபில்டர் மாத்தி எத்தனை வருசம் ஆச்சுன்னு நாளைக்கு டிப்போவுல கேட்டுட்டு வாங்க."

"கேட்டுட்டேன்" என்றார் ஆறுச்சாமி. "மாத்துனதே இல்லையாமா."